முப்பத்திரண்டு மீன்கள்

பள்ளிக் கண்காட்சிக்குப் பெற்றோர் வருவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கணினி அறையின் சுவரில் புரொஜெக்டரின் நீலக் கடல் விரிந்திருந்தது. அதில் நீந்த வேண்டிய மீன்களைக் கணினியில் வரைந்தது ஒன்றாம் வகுப்பு. வரைந்தவர்களின் பெயர்களைத் தட்டச்சு செய்தது நான்காம் வகுப்பு. படத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளையை வெட்டி நீக்குவது ஏழாம் வகுப்பின் வேலை. எல்லாவற்றையும் நீந்த வைக்கும் நிரலை எழுதியவள் ஒன்பதாம் வகுப்புக் கண்ணாடி. மூக்கில் கண்ணாடி ஏறிய நாளிலிருந்து அவளுடைய சொந்தப் பெயர் பள்ளியில் யாருக்கும் நினைவில்லை.

வெறும் வட்டங்களை வைத்து ஓட்டிப் பார்த்தாள். அத்தனையும் நீந்தின. கண்ணாடிக்குச் சந்தோஷத்தில் உட்கார முடியவில்லை.

"அக்கா, சீக்கிரம் வாங்களேன். ஃபோல்டர்ல ஒரே ஒரு மீன்தான் இருக்கு!" என்றாள் ஏழாம் வகுப்புக்காரி. அவளை எல்லோரும் அவசரக்குடுக்கை என்பார்கள்.

டீச்சர் பலகையில் 'மீன்' என்று எழுதி, அந்தப் பெயரில் சேமிக்கச் சொல்லியிருந்தார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் அட்சரம் பிசகாமல் அப்படியே செய்திருந்தார்கள். பழைய மீனை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாமா என்று கணினி ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கும். அந்த நீளமான கேள்வியில் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது 'ஆம்' மட்டும்தான். கடைசிப் பிள்ளையின் ஆரஞ்சு மீன் மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்குக் கண் வாலில் இருந்தது.

"இதையே காப்பி பண்ணி கலர மாத்திடலாம்க்கா. வாண்டுங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

நான்கு வரி நிரலில் வேலை முடிந்தது. சுவர் முழுக்க முப்பத்திரண்டு நிறங்கள் வளைந்து வளைந்து ஓடின. இருவரும் கைகோத்துக் குதித்தார்கள். அத்தனைக்கும் கண் வாலில்தான் என்பதைக் கண்ணாடி பார்க்காமல் இல்லை.

ஒத்திகை பார்க்க ஒன்றாம் வகுப்பு வந்தது. வரிசையில்தான் வந்தது, கடலைக் கண்டதும் வரிசை சிதறியது.

"ஏய், அதோ என் பேரு!"

"தள்ளுடா, மறைக்குது!"

முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி மட்டும் தன் பெயரோடு போன பச்சை மீனைச் சுவரோரமாகவே தொடர்ந்து நடந்தாள்.

"அக்கா, என் மீனுக்கு நான் பல்லு போட்டேனே. எங்க?"

"விழுந்திருக்கும்டி," என்றாள் அவசரக்குடுக்கை, சிரிக்காமல்.

சிறுமி தன் ஈறை நாக்கால் தடவிப் பார்த்தாள். பிறகு பெரிய மனுஷிபோலத் தலையாட்டினாள். அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாள்.

கண்ணாடி கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினாள். மீன்கள் மறைந்தன. வெறும் நீலம் எல்லார் முகத்திலும் விழுந்தது. அவள் சிறுமியின் முன் முட்டி போட்டாள்.

"பல்லு விழலடா. நீ வரைஞ்ச மீனே இல்ல. ஒருத்தரோடத தவிர எல்லார் மீனும் அழிஞ்சு போச்சு. இப்ப பாத்ததெல்லாம் நாங்க அடிச்ச காப்பி."

அதற்குள் பின்னால் யாரோ, கால் எட்டாத நாற்காலியொன்றைத் தரதரவென்று ஒரு கணினியை நோக்கி இழுக்க ஆரம்பித்திருந்தார்கள்.