வடிகட்டியில் போட்ட கீறல்

தண்ணீர் வடிகட்டி பழுதுபார்ப்பவனுக்கு உலகில் எந்த வடிகட்டியின் மீதும் நம்பிக்கை வருவதில்லை. பழையதைக் கழுவிப் புதிதென்று தலையில் கட்டும் வித்தையைத் தொழிலில் கண்டவன் அவன். ஓரிரு முறை கட்டியவனும்கூட. அவன் மனைவிக்கு முடக்குவாதம். விரல்கள் வீங்கி, கத்தரிக்கோலைப் பிடிக்க இயலாமல் அழகு நிலையத்தையே பூட்டிவிட்டாள். மருத்துவமனையில் வாரம் ஒருமுறை, ஒரு கையிலிருந்து அவள் இரத்தத்தை எடுத்து, நார் அடைத்த உருளையில் வடித்து, மறு கையில் திருப்பிச் செலுத்தினார்கள். சென்ற வாரம், செவிலி திரும்பிய நேரம் பார்த்து அவன் உருளையின் மேலோட்டில் சாவியால் கீறிவைத்தான்.

இன்று உருளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கீறல் இல்லை.

“என்னத்தைத் தேடுறீங்க?” என்றாள் மனைவி.

“பழசையே கழுவி மாட்டிட்டாங்களோன்னு பாத்தேன்.”

“எல்லாரும் உங்கள மாதிரியேவா இருப்பாங்க?”

சுருக்கென்றது. ஆயினும் சென்ற வாரம் வடித்தபின் எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு அவனை உறுத்தியது. மருத்துவர் வந்ததும் பிடித்துக்கொண்டான்.

“வடிகட்டினா குறையணுமே டாக்டர்? வெள்ளை அணு கூடியில்ல இருக்கு!”

“மூட்டுகளைத் தாக்குற வெள்ளை அணுக்கள் நல்லா ஒட்டும். அதுங்க நாருல சிக்கிக்குது. உடனே எலும்பு மஜ்ஜை புதுசா அனுப்புது, அதான் கூடுது.”

“புதுசா வர்றதும் அதே ரவுடிங்களா இருந்தா?”

“இருக்கலாம். எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்லமாட்டேன். இவங்களுக்கு வலி குறைஞ்சிருந்தா தொடரலாம். இல்லன்னா இன்னையோட நிறுத்திடலாம்.”

மருத்துவர் நகர்ந்தார். செவிலி ஊசிகளைக் கழற்றிக் கட்டுப் போட்டாள். அவனுடைய ஐயம் இப்போது மனைவியின் பக்கம் திரும்பியது.

“நிஜமாவே குறைஞ்சிருக்கா? கடையைத் திறக்குற ஆசையில நடிக்காதே.”

“கிட்ட வாங்க.”

குனிந்தான். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அவன் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினாள்.

“ஆ! விடுடி, வலிக்குது!”

“எனக்கு வலிக்கல.”

செவிலியிடம் போய் அடுத்த வாரத்துக்கு நேரம் குறித்துக்கொண்டு திரும்பினான். போர்வைக்கடியில் அவளது ஒரு கை, காதைத் திருகிய கையின் பெருவிரலை மெல்ல அமுக்கிக்கொண்டிருந்தது. அவனைக் கண்டதும் நின்றது.

“என்ன?” என்றான்.

“ஒண்ணுமில்ல. காதைத் தேய்ச்சுவிடுங்க, செவந்து கெடக்கு.”