பேர் போடுறதுக்குள்ளே

சினிமாவுக்குப் போனால் பேர் போடுறதுக்குள்ளே உட்கார்ந்துவிட வேண்டும் எனக்கு. அந்தப் பேர்களை வடிவமைப்பது என் மகள் சங்கவி. சென்னையில் அதுதான் அவள் வேலை. ஒரு படத்தில் எழுத்தெல்லாம் மழையாகக் கொட்டும். இன்னொன்றில் சுவரொட்டியைக் கிழித்த மாதிரி வரும். நடுவில் அவள் பேரும் வரும், கண் சிமிட்டினால் போச்சு. வேறு சாதிப் பையன் இளஞ்செழியனைக் கட்டிக்கொண்டு போனவள், போனில் என்னோடு பேசுவாள். வாடி என்றால், "அப்பா கூப்புடட்டும்மா" என்பாள். அவளைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

என் வீட்டுக்காரர் குப்பனுக்கோ வீம்பு. "எம் பேர தூக்கிப் போட்டுட்டு அவன் பேர வச்சிக்கினு இருப்பா. அத நான் வேற வந்து பாக்கணுமா?" என்பார். நான் சொன்னால் நம்புகிற ஆளா அவர்?

இந்தப் படத்துக்கு எப்படியோ வந்தார். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்று முடித்து, அவரை நேரே மேட்னிக்கு இழுத்துப் போனேன். ஹீரோ பேருக்கு வீசப் பையன்கள் காகிதம் கிழித்து வைத்திருந்தார்கள். விளக்கு அணைந்தது. பேரே போடவில்லை! எடுத்த எடுப்பிலேயே சண்டை.

"இன்னாடி, ஒம் பொண்ணு பேரு எங்க?"

பெண் எனக்கு மட்டும்தான் பிறந்தாளாம். இடைவேளையில் கிளம்பப் பார்த்தவரை முறுக்கு வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன்.

படம் முடிந்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அப்போதுதான் திரையில் ஒரு நைலான் நூல் ஓடியது. அது முடிச்சு விழுந்து விழுந்து, ஒவ்வொரு பேராக ஆனது.

"நான் வல பின்றது மாரியே இருக்குடி," என்றார். கடலுக்குப் போகாத நாளில் அவர் வலை பின்னும்போது, பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்தவள் அவள்.

முன்னால் நின்றவர்கள் திரையை மறைத்தார்கள்.

"உக்காருங்கடா! பேரு போடறானில்ல!" கத்தியது என் வீட்டுக்காரர்தான்.

வந்தது: டைட்டில் வடிவமைப்பு, கு. சங்கவி.

"எம் பேரத்தான்டி முன்னாடி போட்டிருக்கா."

"எல்லாப் படத்துலயும் அப்பிடித்தான் போடறா. நீ வந்து பாத்தாத்தான தெரியும்?"

கையிலிருந்த டிக்கெட்டைச் சுக்குநூறாகக் கிழித்து மேலே வீசினார். பாதி அவர் தலையிலேயே விழுந்தது. "போனைப் போட்டுக் குடு," என்றார். கொடுத்தேன். அவள் "அம்மா" என்றாள்.

"அப்பா பேசறேன். வூட்டுக்கு எப்ப வர்ற?"