அர்வாவின் கிளீட்டும் என் கைவரிசையும்

செங்கல்பட்டில் இருபத்திரண்டு வருடமாக டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். பெண்கள் கொண்டுவரும் ஸ்கூட்டர் என்றால் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கேட்காமலே கொஞ்சம் லேசாக்கி விடுவது என் பழக்கம். கை வலிக்காது, வண்டியும் சீறாது. இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

என் மகள் அர்வாவுக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏரிக்கரை, சவுக்குத் தோப்பு, கல்லுமேடு என்று ரோடே இல்லாத இடமாகப் பார்த்து சைக்கிள் மிதிப்பாள். அதற்கென்று தனி ஷூ. அதன் அடியில் கிளீட் என்று ஒரு சின்ன இரும்புத் துண்டு. பெடலில் வைத்து அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். மேடு ஏறும்போது காலை மேலே இழுத்தாலும் சைக்கிள் நகருமாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போன வருடம் திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஒரு சிக்னலில் நின்றவள், காலை விடுவிக்க முடியாமல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்கு அந்த இரும்புத் துண்டைக் கண்டாலே ஆகாது.

தோள் சரியானதும் மறுபடி கிளம்பிவிட்டாள். தேய்ந்துபோன பழைய கிளீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு ஜோடி வாங்கி வந்தாள்.

“பாருங்க அத்தா, இன்னா லேசா கீது. பாறை மேல நடந்தாகூட தேயாதாம்.”

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு சாவிக்கொத்தின் கனம்கூட இல்லை. என் பெண்ணைக் கீழே தள்ள இவ்வளவு போதுமா?

பெடலில் கிளீட்டைப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங்குக்கு ஒரு திருகு உண்டு. இரண்டு பெடலுக்கும் மேலும் கீழுமாக நான்கு. அவள் குளிக்கப் போன நேரத்தில் நான்கையும் முடிந்தமட்டும் தளர்த்திவிட்டேன். கால் சுலபமாக வரும், விழமாட்டாள். என் மனைவி ஃபக்ருன்னிசா பார்த்துவிட்டாள்.

“அவளாண்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யக் கூடாதா?”

“உனுக்கு இன்னா தெரியும், சும்மா இரு” என்று அவள் வாயை அடைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரமாக அர்வா முகமே சரியில்லை. கால் பெடலில் நிற்கவில்லை என்றாள். ஒருநாள் பெடலில் ஏதாவது கோளாறா பாருங்கள் என்று என்னிடமே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். குனிந்து பார்ப்பதுபோல் பார்த்து, “எல்லாம் சரியாத்தான் கீது, போகப் போகப் பழகிடும்” என்றேன். கூசாமல் சொன்னேன். மெக்கானிக் அப்பன் சொன்னால் அவள் நம்பாமல் என்ன செய்வாள்?

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு சவுக்குத் தோப்பில் போட்டி. மூன்று சுற்று. ஒரு மணல்மேட்டின் அடியில் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். முதல் சுற்றில் வந்தவள் பெடல்மேல் எழுந்து மேடு ஏறினாள். பாதியில் வலது கால் கழன்று, பெடல் முழங்காலுக்குக் கீழே அடித்து ரத்தம் வந்தது. திரும்ப மாட்டினாள், திரும்பக் கழன்றது. பின்னால் வந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். இரண்டாவது சுற்றிலும் அதே இடத்தில் அதே கதை. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“போதும்த்தா. வூட்டுக்குப் போலாம்.”

“இன்னா ஆச்சு?”

“கிளீட்டு புதுசு. பெடலை நீங்களே பாத்துட்டீங்க. அப்ப என் கால்தான். அன்னிக்கு விழுந்த பயம் இன்னும் உள்ள கீது. சைக்கிளை வித்துடலாம்.”

இதைத்தானே ஒரு வருடமாக அல்லாஹ்விடம் துஆவில் கேட்டுக்கொண்டிருந்தேன்? சரிம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிம்மதி. ஆனால் அவள் தன் வலது காலையே வெறுப்போடு பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது தாங்கவில்லை.

“உன் கால்ல ஒண்ணும் இல்லம்மா. நான்தான் ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். நாலு திருகையும். நீ விழக் கூடாதுன்னு.”

“எப்போ?”

“புதுசு மாட்டினியே, அன்னிக்கே.”

“உங்களாண்ட பெடலைக் காட்டினேனே.”

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“மூணு வாரமா என்னையே திட்டிகினு இருந்தேன்த்தா.” அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

சீட்டுக்கு அடியில் இருந்த பையிலிருந்து திருகு முடுக்கும் சின்னச் சாவியை எடுத்து நீட்டினாள். “நீங்களே இறுக்குங்க.”

மணலில் மண்டியிட்டேன். கடையில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்று சாவி திருகில் உட்காரவே மாட்டேன் என்றது. ஒரு சுற்று சுற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

“இன்னும்” என்றாள்.

மூன்று திருகை அவள் சொன்னபடியே முடித்தேன். நான்காவதில் கை நின்றுவிட்டது. சிக்னலில் சாய்ந்து கிடந்தவள்தான் கண்ணுக்குள் இருந்தாள்.

“விழுந்துடுவ கண்ணு.”

“விழுந்தா விழறேன். இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்க.”

இரண்டு சுற்று சுற்றினேன்.