தயிர்ச் சட்டிக்குப் பின்னால் ஒரு போத்தில்

வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கைக்குள் அன்னபாக்கியத்தின் வாய்க்குத் தப்பிய வீடு ஒன்றே ஒன்றுதான்: அவளுடைய சொந்த வீடு. பதினொரு வருடமாக நிலம் கூட்டும் நீளத்துக்குச் சேலை கட்டி, யானைக்கால் வந்த இடது காலை அவள் ஒருவர் கண்ணிலும் படாமல் வைத்திருந்தாள்.

அவள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த அருந்ததிக்கு ஆய்வுகூடத்தில் வேலை. மீன்காரன் வின்சன்ற் தன் வலையில் சிக்கினால் வீசிவிடுகிற கடற்பஞ்சை வாளி வாளியாக வாங்கிப் போவாள். "அந்தப் பிள்ளை என்னத்தையோ காய்ச்சிப் போத்திலிலை அடைக்கிறாள்" என்று பக்கத்து வீட்டு ஹபீலாவிடம் அன்னபாக்கியம் சொன்னது அவ்வளவுதான். நாலு வீட்டுக் கேற் தாண்டுவதற்குள் அது வெடிகுண்டாகிவிட்டது. சண்டை நடந்த தொண்ணூற்றெட்டாம் ஆண்டில், கொழும்பில், ஒரு தமிழ்ப் பிள்ளையின் போத்தில் வேறு என்னவாகும்?

சனிக்கிழமை காலை பொலிஸ் வந்து இறங்கியது. ஆய்வுகூடத்து பிரிஜ் பழுதென்று, போத்தில் அன்னபாக்கியத்தின் பிரிஜ்ஜில்தான், தயிர்ச் சட்டிக்குப் பின்னால் இருந்தது.

"அன்ரி, ஆறு மாசம், நாப்பது கிலோ பஞ்சு. வடிச்செடுத்தது அவ்வளவும் அதுதான்," என்றாள் அருந்ததி. "கொண்டுபோனாங்களெண்டால் முடிஞ்சுது."

இன்ஸ்பெக்டர் பிரிஜ்ஜைத் திறந்து மண்ணிறப் போத்திலைத் தூக்கிப் பிடித்தார். இது என்ன என்று சிங்களத்தில் அதட்டினார்.

கேற்றடியில் ஒழுங்கையே நின்றது. எல்லாம் அவள் வாய் கூட்டிவந்த கூட்டம். அன்னபாக்கியம் சேலையை முழங்கால் வரை உயர்த்தினாள்.

"பெஹெத், மஹத்தயா. மகே ககுலட்ட." மருந்து ஐயா, என்ரை காலுக்கு.

ஹபீலாவின் கை வாய்க்குப் போனது. இன்ஸ்பெக்டர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். மாத்தறையில் தன் தாய்க்கும் இப்படித்தான் என்றார். போத்திலைத் திரும்ப வைத்து, பிரிஜ்ஜை மெதுவாகச் சாத்தினார்.

"பொய் சொல்லிப்போட்டன் பிள்ளை," என்றாள் அன்னபாக்கியம், பொலிஸ் போனபிறகு.

"இல்லை அன்ரி. கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டீங்கள்."

திங்கட்கிழமை அருந்ததி அவளை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போனாள். இரண்டு கண்ணாடித் தட்டுகளில் வெள்ளை நூல்கள் நெளிந்தன. மாட்டின் வயிற்றில் எடுத்த புழுக்கள், யானைக்கால் புழுவுக்கு நெருங்கிய சொந்தம்.

"இப்ப இருக்கிற குளிசை மருந்து புழுக்குஞ்சுகளைத்தான் நல்லாக் கொல்லும். தாய்ப்புழு லேசிலை சாகாது," என்றபடி அருந்ததி ஒரு தட்டில் ஒரு துளி விட்டாள்.

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தார்கள். துளி விடாத தட்டில் நெளிவு அப்படியே இருந்தது. மற்றதில் நூல்கள் தளர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் கிடந்தன.

"கடற்பஞ்சுக்குப் பல்லில்லை, ஓடவும் தெரியாது. தின்ன வாறதுகளைத் துரத்த, இருந்த இடத்திலேயே நஞ்சு செய்யுது. ஆனா அன்ரி, ஆக்கள் குடிக்கிற மருந்தாக இன்னும் பத்துப் பதினைஞ்சு வருசமாகும். ஆகாமலும் போகலாம்."

அன்னபாக்கியம் அந்தத் தட்டைக் குனிந்து பார்த்தாள். கல்லோடு கல்லாகக் கிடக்கிற ஒன்று, கண்ணில்லை, கையில்லை, கடலின் இருட்டுக்குள் எத்தனை காலமாக இதைச் செய்துகொண்டிருக்கிறது! பஸ்ஸில் வீடு வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. அது அவளுக்கே புதினம்.

ஒழுங்கைக்கு வந்ததும் திறந்தாள். யார் கேட்டார்கள்?

"போன கெழம குண்டுண்டீங்க, இப்ப மருந்தா?" என்றாள் ஹபீலா. "அத உடுங்க. கால் எப்பயிருந்து இப்பிடி?"

மறுநாள் காலை அன்னபாக்கியம் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனாள். வின்சன்ற் வலையை உதறிக்கொண்டிருந்தான். மஞ்சள் நிறப் பஞ்சுக்கட்டியொன்றை எறியக் கையில் எடுத்தான்.

"எறியாதை வின்சன்ற்! அது என்ன செய்யுதெண்டு உனக்குத் தெரியுமோ?"

அலை வந்தது. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியோடு இறங்கினாள்.