மொம்பாசாவுக்குப் போற தோலு

எங்க வீட்டுக்காரவிய பதம்போட்ட ஆட்டுத்தோலு கடல் தாண்டாம இல்ல. எத்தனையோ தடவை தாண்டியிருக்கு. ஆனா பம்பாய்க் கோட்டைப் பக்கம் இருக்கிற கம்பெனிக்காரன் முத்திரையோடல்லா போகும்! தோலு ஊறப்போடுற ஆவாரம்பட்டைத் தொட்டியில நின்னு கால் வெந்தது எங்களுக்கு, பேரு அவனுக்கு. நெனச்சாலே வயிறு எரியும்.

சுதந்திரம் வந்த மறுவருசம் ஒரு சேதி வந்துது. பம்பாய் வியாபாரிமாரு குழுவாச் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறுதாவளாம். மொம்பாசாவுல கடைகடையாப் போயி, நம்ம சரக்கைக் காட்டி நேரடியா ஆர்டர் பிடிக்கப் போறாவளாம். மாதிரிப் பெட்டியில எங்க தோலும் உண்டு, அதுவும் செஞ்சவுக பேரோடயே! எனக்குத் தரையில கால் பாவல.

நல்லதா நாலு தோலைப் பொறுக்கி மெருகேத்தி, கட்டில்ல விரிச்சு வச்சுட்டு அவிய டீ குடிக்கப் போனாவ. புதுசா வெளிய போற எதையும் சந்தனம் குங்குமம் வைக்காம அனுப்புவமா? நாலுக்கும் நட்டநடுவுல, ரூபாய் அகலத்துக்கு வச்சேன். சும்மா சொல்லக் கூடாது, ஜோரா இருந்துச்சு.

அவிய வந்து பாத்துட்டுத் தலையில கை வச்சு உக்காந்துட்டாவ. "அடிப்பாவி! தோலு உறிஞ்சிருமேட்டி! கறை பட்ட சரக்கை எவன் வாங்குவான்?"

அந்த நேரம் பாத்துத்தானா குழுவோட குமாஸ்தா மகாதேவன் வரணும்! மாட்டுங்காவுல குடியிருக்கிற அய்யரு. தோல் நாத்தத்துக்கு மூக்குல கைக்குட்டை. "பெட்டியை இப்பவே மூடணும். என்னது இது, சிவப்பா?"

"பொட்டு சாமி, நான்தான் வச்சேன். இந்தா அழிச்சிருதேன்" னு வாளியும் சோப்புமா உக்காந்தேன். தேய்க்கேன், தேய்க்கேன், பொட்டு அசையவே இல்ல. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வருது. துணி வெளுக்கிற மாதிரி கல்லுல ஓங்கி நாலு அடி அடிச்சேன்.

"இருங்கோ, இருங்கோ!" கைக்குட்டையைப் பையில திணிச்சுட்டு மகாதேவன் குனிஞ்சாரு. தோலை மடக்கினாரு, பெருவிரலை நனைச்சுத் தேய்ச்சாரு, நகத்தால கீறினாரு. "இவ்வளவு அடிச்சும் பொட்டுச் சாயமும் போகலை, தோலும் உரியலை. செருப்புக் கம்பெனிக்காரா முதல்ல கேக்கறதே, சாயம் ஏத்தினா நிக்குமாங்கறதைத்தானே! வாயால சொன்னா நம்புவாளா? நாலும் அப்படியே வரட்டும். அவா கண்ணெதிர்லயே நனைச்சுக் காட்டறேன்."

எனக்கு ஒரே சந்தோசம், குதிக்காத குறைதான்.

பெட்டிக்கு ஆணி அடிச்சாச்சு. கறுப்பு மையில பிரஷ்ஷை முக்கிக்கிட்டு மகாதேவன் கேட்டாரு. "செஞ்சவா பேர் சொல்லுங்கோ."

அவிய வாயைத் தொறந்தாவ. சத்தம் வரல. துண்டால கண்ணைத் துடைக்காவ.

"சீக்கிரம் சொல்லுங்கோ, லாரி நிக்கறது!"

அவிய என்னையப் பாக்காவ. தாலி கட்டின நாள்லேருந்து என் வாயில வராத பேரு. எந்தப் பொம்பளை புருசன் பேரைச் சொல்லுவா? லாரிக்காரன் வேற ஹாரன் அடிக்கான்.

"செல்லத்துரை!" னு கத்தினேன். "எழுதுங்க சாமி! செல்லத்துரை, தாராவி, பம்பாய்!"

சந்தே திரும்பிப் பாத்துச்சு. பாக்கட்டுமே.

லாரி போனதும் அவிய கிட்ட வந்தாவ. "இன்னொரு தடவை சொல்லுட்டி" ன்னாவ.