ஒரு சாண் குறைவு

பல்லுக்காரம்மாவின் வீட்டுச் சுவருக்கும் அதன் எதிரில் நின்ற கம்பத்துக்கும் இடையே பதினாறு அடி தூரம். அந்தப் பதினாறு அடியைக் கடக்க இரண்டாயிரத்து நூறு மீட்டர் ஃபைபர் கேபிள் போதவில்லை. ஒரு சாண் குறைந்தது. தெருவில் மொத்தம் ஒன்பது வீடுகள். முதல் எட்டு வீடுகளுக்கும் நான்கே நாளில் இணைப்புக் கொடுத்து முடித்திருந்தார்கள். ஒரு வீட்டுக்கு இருபது மீட்டர் தாராளம். மிச்சத்தைச் சுருட்டிச் சன்னலுக்கு மேலே கட்டிவிடுவார்கள். ஐந்தாம் நாள் கடைசி வீட்டுக்கு வந்தவர் நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். தோளில் எப்போதும் ஏணி இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் ஏணிக்காரர். இருபது மீட்டரை இழுத்தார். சுவருக்கு ஒரு சாண் முன்னால் கேபிள் தீர்ந்துபோனது. கேபிளின் உடம்பில் மீட்டருக்கு ஒரு எண் அச்சடித்திருக்கும். அச்சில்தான் கோளாறு என்று தொழிற்சாலைக்காரர்களைத் திட்டிக்கொண்டே நூறு மீட்டர் கொண்டுவந்தார். அதிலும் ஒரு சாண் குறைந்தது. மறுவாரம் அதனோடு இன்னும் இரண்டு கிலோமீட்டரை ஒட்டி, காலை ஒன்பது மணிக்கு இழுக்கத் தொடங்கினார். மூன்று மணிக்கு மரச்சக்கரம் வெறும் சக்கரமாக நின்றது. கேபிள் தொய்யவில்லை, தரையில் சுருண்டு விழவும் இல்லை. ஒற்றைக் கறுப்பு இழையாகக் காற்றில் விறைத்து நின்றது. அதன் நுனி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

"உங்க செவுத்துக்குக் கேபிள்னாலே அலர்ஜி போலிருக்கு" என்றார் பக்கத்து வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரர். அவர் வீட்டில் இணைப்பு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அதன் வேகத்தை அவர் தன் கார் வேகம்போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பல்லுக்காரம்மா பொய்ப்பல் செய்கிறவள். ஊரில் இருந்த மூன்று பல் மருத்துவர்களும் வாயின் அச்சை எடுத்து அவளுக்குத்தான் அனுப்புவார்கள். முன்னறை மேசையில் ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடரில் கத்தியைக் காட்டி, மெழுகை இளக்கி ஈறு வடிப்பாள்; வெள்ளையில் பதினாறு வகை பிரித்து வைத்த இழுப்பறைகளிலிருந்து ஒவ்வொரு பல்லாக எடுத்து நிறுத்துவாள். அந்த ஊரில் அறுபது வயதுக்கு மேல் யார் சிரித்தாலும் அது பாதிக்குப் பாதி அவள் கைவேலை. கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. சிறுநீரகம் பழுதாகிவிட்டதால் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மருத்துவமனைக்குப் போய் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். அதனால் ஒருநாள் பயணத்துக்கு மேல் இருக்கிற எந்த ஊரும் அவளுக்கு இல்லாத ஊர்தான். அவளுடைய தம்பி இருந்ததோ ரயில் மாறி மாறிப் போனால் இரண்டு நாள் தொலைவில், ஒரு துறைமுக நகரத்தில்.

தம்பி பிறவியிலேயே காது கேளாதவன், பேச்சும் வராதவன். கப்பல் கட்டும் தளத்தில் முப்பத்தோரு வருடம் வெல்டராக இருந்து ஓய்வு பெற்று, அந்தத் தளத்துக்காரர்கள் நடத்தும் விடுதியிலேயே தங்கிவிட்டவன். அவனுக்கு மூன்று வயதும் அவளுக்கு எட்டு வயதும் ஆனபோது இருவருமாகக் கைகளால் ஒரு மொழியை உண்டாக்கினார்கள். அம்மா என்றால் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவது. அப்பா என்றால் தும்முவது, ஏனென்றால் அவர் எந்நேரமும் தும்மிக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடம் என்றால் காதைத் திருகிக்கொள்வது. மழை, ஒரு கையின் விரல் நுனிகளால் மறுகையின் மேல் தாளம் போடுவது. பெரியவனானதும் பள்ளியில் எல்லோருக்குமான சைகை மொழியையும் படித்தான், எழுதவும் படித்தான். ஆனால் எழுத்தில் அவன் விருந்தாளி மாதிரிதான் பேசுவான். "நலம். நீ நலமா. சாப்பிட்டேன்." அவனுடைய கோபம், கிண்டல், புலம்பல் எல்லாம் அந்தக் கைமொழியில்தான் இருந்தன. அதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

போன வருடம் அவன் விரல்கள் விறைக்கத் தொடங்கின. நரம்பில் ஏதோ கோளாறு, கூடிப்போனால் ஒரு வருடத்தில் இரண்டு கையும் முழுசாக மடங்காமல் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் பேசித் தீர்க்க வேண்டியது ஐம்பது வருடக் கதை. அவள் வீட்டில் செல்போன் சிக்னல் சன்னலோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். படம் உறைந்துபோகும். அவன் கை பாதிச் சொல்லில் நின்றுவிடும். வலிக்கிறது என்பதற்கும் வலிக்கவில்லை என்பதற்கும் கடைசியில் ஒரு மணிக்கட்டுத் திருப்பம்தான் வித்தியாசம்; அந்தத் திருப்பம் வருவதற்குள் படம் நின்றுவிடும். ஒருமுறை டிரைவிங் ஸ்கூல்காரர் வீட்டில் உட்கார்ந்து பேசிப் பார்த்தாள். படம் கண்ணாடியாக வந்தது. ஆனால் அந்த வீட்டில் எல்லோரும் அவள் தோளுக்குப் பின்னால் கூடி வேடிக்கை பார்த்தார்கள். தம்பி அவர்களைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். வெட்கப்படும்போது அவன் சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான்.

நிறுவனத்துக்கு அவள் பேசினாள். ஒவ்வொரு முறையும் வேறொரு பெண் குரல், அதே பணிவு.

"உங்க தெருவுல சர்வீஸ் இருக்கு மேடம். உங்க வீட்டுக்கு மட்டும் காட்டல மேடம்."

"ஏம்மா காட்டல?"

"தூரம் அதிகம்னு சிஸ்டம் சொல்லுது மேடம்."

"பதினாறு அடிம்மா. நானே காலால அளந்துட்டேன்."

"புரியுது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

பிறகு மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். கேபிளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு 'சாத்தியமில்லை' என்று எழுதினார். இரண்டு கிலோமீட்டர் எங்கே போனது என்று ஏணிக்காரரிடம் விளக்கம் கேட்டு ஒரு தாளும் வந்தது. ஏணிக்காரருக்கு அந்தத் தாளைவிட அந்த ஒரு சாண்தான் உறுத்தலாக இருந்தது. பதினெட்டு வருட வேலையில் அவர் எட்டாத சுவர் கிடையாது. ஒரு வியாழக்கிழமை, விடுப்புப் போட்டுவிட்டு, ஒளியை உள்ளே அனுப்பிக் கேபிளின் மறுமுனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும் கருவியை எடுத்துக்கொண்டு வந்தார். சுவருக்குப் பக்கத்தில் விறைத்து நின்ற நுனியில் அதை மாட்டினார். மறுமுனை எதிரே கம்பத்தில் இருக்கிறது, கண்ணால் பார்க்கலாம். கருவியைத் தட்டினார், அணைத்துப் போட்டார், மறுபடியும் பார்த்தார். ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"அக்கா, இங்கருந்து ஆயிரத்து நூத்தி நாப்பது கிலோமீட்டர்ல என்னக்கா இருக்கு?"

மெழுகுக் கத்தியோடு வாசலுக்கு வந்திருந்த பல்லுக்காரம்மா யோசிக்கவே இல்லை.

"என் தம்பி இருக்கான்" என்றாள்.

ஏணிக்காரர் கருவியைக் கழற்றினார். கழற்றிய நுனியிலிருந்து வெளிச்சம் வந்தது. ஒரு சாண் தள்ளியிருந்த வெள்ளைச் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக விழுந்தது. வட்டத்துக்குள் ஒரு கட்டிலின் கால், ஒரு தண்ணீர்க் குவளை, பிறகு இரண்டு கைகள். இடது கட்டைவிரலில் பழைய வெல்டிங் தீக்காயம். சுவருக்கு எட்டியிருந்தால் கேபிள் ஒரு பெட்டிக்குள் போயிருக்கும், படம் விழ இடமே இருந்திருக்காது. கம்பத்துப் பெட்டியில் அந்தக் கேபிளின் அடிமுனை எந்தத் துளையிலும் செருகப்படவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கால் மணி நேரத்தில் தம்பியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "கட்டில் பக்கம் சுவரில் ஒரு கறுப்பு வயர் வந்துள்ளது. அதில் உன் கை தெரிகிறது. கையில் யாருடைய பல்?"

அன்றைக்கு அவள் கையில் இருந்தது கத்திதான். பல்லை மறுகையில் வைத்திருந்ததை அவளே அப்போதுதான் கவனித்தாள்.

ஏணிக்காரர் நான்கு மூங்கில் நட்டு, போர்வைத் துணியால் சுவரைச் சுற்றித் தடுப்புக் கட்டிக்கொடுத்தார். மேலே ஒரு தகரம். உள்ளே ஒரு முக்காலி. தினமும் காலை ஏழு மணியிலிருந்து எட்டரை வரை அவள் அதற்குள் இருப்பாள். வெளியே போகிறவர்களுக்குத் துணியில் வெளிச்சம் அசைவது மட்டும் தெரியும். அதைத் தாண்டும்போது செருப்புச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு நடப்பார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர்கூடத் தன் மாணவர்களிடம் அந்த வீட்டருகே ஹாரன் அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். கேட்கவே முடியாத ஒருவனுக்காக ஏன் ஹாரனை நிறுத்தினார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு சங்கதி தெரிந்தது. தம்பி வட்டத்துக்குள் மழை என்று தாளம் போட்டான். பல்லுக்காரம்மா பேச்சுக்கு, அங்கே வெள்ளமா என்று செய்தி அனுப்பினாள். "மழை பெய்து ஒன்பது நாள் ஆயிற்று" என்று பதில் வந்தது. வெளிச்சம் தாமதமாக வந்துகொண்டிருந்தது. ஒன்பது நாள் பதினைந்தாகி, பிறகு நாற்பதாகியது. ஏணிக்காரர் தலையைச் சொறிந்தார், ஒட்டிய இடங்களையெல்லாம் பிரித்து ஒட்டினார். ஒரு பயனும் இல்லை. ஆனால் பல்லுக்காரம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்குள் தம்பியால் செல்போன் பொத்தானை அழுத்த முடியாமல் போயிருந்தது. "கரண்டியைக்கூட பிடிக்க முடியலம்மா, நாங்கதான் ஊட்டுறோம்" என்று விடுதிக் கண்காணிப்பாளர் போனில் சொன்ன அதே காலையில், சுவரில் அவன் பத்து விரலாலும், கப்பலின் அடிப்பலகையை மல்லாந்து படுத்துக்கொண்டு எப்படி வெல்டிங் செய்வது என்று நெருப்புப் பொறி பறக்கப் பறக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். மருத்துவர்கள் குறித்துக் கொடுத்த கெடுவை வெளிச்சம் மதிக்கவில்லை.

இப்படியாக அவர்கள் அம்மாவைப் பற்றிப் பேசித் தீர்த்தார்கள். அப்பா அவனை ஒருமுறை ரயில் நிலையத்தில் தவறவிட்டது, அவள் கல்யாணத்தன்று அவன் மொட்டைமாடியில் ஒளிந்துகொண்டது, அவன் ஒரு பெண்ணை விரும்பி அந்தப் பெண்ணிடம் சொல்லாமலேயே விட்டது எல்லாம் பேசினார்கள். கடைசிக் கதையை அவள் முதன்முறையாகக் கேட்டாள். அன்று முழுக்க ஒரு பல்லும் அவள் கையில் நேராக நிற்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கண்காணிப்பாளர் அழைத்தார்.

"அம்மா, உங்க தம்பி விடியக்காலைல தவறிட்டாரும்மா. தூக்கத்துலயே."

அவள் செல்போனைக் காதிலிருந்து எடுக்காமல் சுவரைப் பார்த்தாள். வட்டத்துக்குள் தம்பி காதைத் திருகி, ஏழாம் வகுப்பு வாத்தியாரைப்போலக் கையை வீசி நடந்து காட்டிக்கொண்டிருந்தான். அவள் செல்போனை மடியில் வைத்தாள். அவனுக்குத் தெரிகிற மாதிரி நன்றாகச் சிரித்தாள். அவனிடம் அதைச் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. அடக்கத்துக்குப் போக அவளால் முடியவில்லை. மறுநாள் புதன்கிழமை, இயந்திரம் காத்திருந்தது.

வெளிச்சத்தின் தாமதம் அதற்குள் நாற்பத்தைந்து நாளாகியிருந்தது. மிச்சம் அத்தனை நாள் இருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டு நாட்காட்டியில் ஒரு தேதியைச் சுழித்து வைத்தாள். அந்தத் தேதி வந்தது, போனது. கைகள் வந்துகொண்டே இருந்தன. ஏணிக்காரர் கருவியை மாட்டிப் பார்த்தார். ஆயிரத்து நூற்று நாற்பதாக இருந்தது நான்காயிரத்து எழுநூறு காட்டியது. அடுத்த வாரம் ஐயாயிரத்து இருநூறு.

"இன்னும் போயிட்டே இருக்காருக்கா" என்றார்.

"போகட்டும்பா. சின்ன வயசுலயும் நடந்தா நிக்க மாட்டான்."

நிறுவனம் ஒருநாள் தானாகவே அழைத்து, இப்போது அவள் வீட்டுக்கு இணைப்புச் சாத்தியம் என்றது. வேறொரு ஆள் வந்து பின்பக்கச் சுவரில் இருபது மீட்டரில் வேலையை முடித்துவிட்டுப் போனார். பல் மருத்துவர்கள் அதன் வழியாக வாயின் படங்களை அனுப்புகிறார்கள், வேகமாகத்தான் இருக்கிறது.

தம்பி இறந்து பதினான்காவது மாதம், ஒரு காலை, வட்டத்துக்குள் கைகள் சிறிது நேரம் சும்மா இருந்தன. பிறகு வலது கை இடது கையிடம் போய், ஒவ்வொரு விரலாக இழுத்துத் தளர்த்தி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கையுறையை மெதுவாகக் கழற்றியது. வேலை முடிந்து வெல்டர்கள் கழற்றுகிற மாதிரி. கழற்றியதை இரண்டாக மடித்து, பக்கத்தில் வைத்து, அதன் மேல் ஒரு தட்டுத் தட்டியது. அந்த மொழியில் அதுவரை அப்படி ஒரு சொல் இல்லை. சாவைப் பற்றிப் பேச வேண்டிவந்தபோதெல்லாம் இருவரும் வேறெங்காவது பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பல்லுக்காரம்மாவுக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. அடுத்து அவன் விரலை நீட்டி, ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டான். கோபமாக இல்லை, கிண்டலாகத்தான்.

அவள் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மெழுகு ஒட்டியிருந்த விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இடது கையிலிருந்து ஒவ்வொரு விரலாகத் தளர்த்தி, கையுறையைக் கழற்றி, இரண்டாக மடித்து, வைத்து, தட்டிக் காட்டி, சரியாகச் சொல்கிறேனா என்று கேட்டாள். தொலைவு அன்றைக்குப் பதினோராயிரம் கிலோமீட்டர். பதில் வரக் கொஞ்ச நாளாகும் என்று ஏணிக்காரர் சொல்லியிருக்கிறார்.