சைதூனம்மாவின் பயம்

சிங்கப்பூரிலிருந்து மருமகன் சனாவுல்லா வந்து இறங்கிய வாரத்திலேயே, காருக்குள் ரேடியோ வைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு பேகம்பூர் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளைப்பேற்றுக்காக அங்கிருந்து முன்பே தாய் வீட்டுக்கு வந்திருந்த மகள் தாஹிராதான் முகமெல்லாம் சிரிப்பாக வந்து சொன்னாள். சமையல்காரி மாயம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இஞ்சி நசுக்குகிற சாக்கில் அம்மிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் முகம் போன போக்கை அந்தப் பெண் பார்த்துவிடக் கூடாதே என்று இருந்தது.

அந்தக் காரை ஓட்டுகிறவன் அவள் புருஷன் மூக்கையா. தோல் வியாபாரி கிதர் முகம்மதுவின் கறுப்பு லேண்ட்மாஸ்டர் வண்டிக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது என்று ஊரே சொல்லும். ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. முந்தின வருஷம் வந்த விஷக் காய்ச்சல் போகும்போது அவன் காதுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் இடது காது மந்தமானது. பிறகு வலது. இப்போது காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் ஏதோ கொஞ்சம் கேட்கும். இதை வெளியே சொன்னால் மறுநாள் வண்டிச் சாவி கையில் இருக்காது. வேறு தொழிலும் அவனுக்குத் தெரியாது. ஆகையால் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மூக்கையா பேசுகிறவர்களின் உதடுகளைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொண்டான். மீதியைத் தலையாட்டிச் சமாளித்தான். அவனுக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிட்டது என்று முதலாளி வீட்டில் நினைத்தார்கள். அது வசதியாகவே போயிற்று.

சாலையில் எப்படி ஓட்டுகிறான் என்பதுதான் மாயம்மாளுக்கு விளங்காமல் இருந்தது. பெண்கள் திரைக்குள் இருக்கும் கோஷா வீட்டுக் கார். பக்கத்துக் கண்ணாடிகளிலும் பின்கண்ணாடியிலும் பச்சைத் திரை தொங்கும். முன்னால் மாட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிற வண்டி தெரியாது. ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் ஒதுங்க வேண்டும். ஒருநாள் அவனைக் குடைந்து குடைந்து கேட்டபோது, கொஞ்சம் வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னான். கிதர் முகம்மதுவின் மனைவி சைதூனம்மாவுக்குக் காரில் ஏறினாலே உயிர் போய் உயிர் வரும். பின்னால் எங்கேயோ ஒரு லாரி ஹாரன் அடித்தால் போதும், துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பாள். வலது பக்கம் சத்தம் என்றால் வலது பக்கம். இடது பக்கம் என்றால் இடது பக்கம். மூக்கையா அந்தச் சின்னக் கண்ணாடியைச் சாலைக்கு வைக்கவில்லை, அம்மாவின் முகத்துக்கு வைத்திருந்தான். அம்மா ஏறாத நாளில் பின்திரையைச் சுருட்டிவிட்டு அதே கண்ணாடியில் சாலையைப் பார்த்துக்கொள்வான்.

அதைக் கேட்ட அன்றிலிருந்து மாயம்மாளுக்குப் பயம் இரட்டிப்பாகிவிட்டது. காது கேட்காது என்பதையாவது முதலாளி ஒருவேளை பொறுத்துக்கொள்வார். வெளி ஆண்கள் கண்ணில் படாத வீட்டு அம்மாவின் முகத்தை ஓட்டுநர் ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்தால் என்ன செய்வார் என்று அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இந்த நிலையில்தான் ரேடியோ வந்தது.

அந்த ரேடியோ இந்தக் காருக்கென்று செய்ததில்லை. அதனால் டேஷ்போர்டை அறுத்து வைக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு சூசைராஜ் வந்தான். கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டுகிறவன். ரேடியோவும் பழுது பார்ப்பான். வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, சாமான் போடும் பெட்டியைக் கழற்றி, தகட்டை அறுத்து அரத்தால் ராவினான். ரேடியோவைத் தாங்க இரும்புப் பட்டை வளைத்துப் பூட்டினான். பின்சீட்டுக்குப் பின்னால் ஸ்பீக்கரை இறக்கினான். வலது மட்கார்டில் ஓட்டை போட்டு ஏரியல் கம்பியை நட்டபோது கிதர் முகம்மது, தன் உடம்பிலேயே துளை போடுவதைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பாட்டு வந்தது. இஞ்சினைப் போட்டதும் பாட்டோடு சேர்ந்து கிர்ரென்று ஒரு இரைச்சலும் வந்தது. இஞ்சினில் பொறி அடிக்கிற சத்தம் ரேடியோவுக்குள் வருகிறது, அங்கங்கே கண்டன்சர் வைத்துத்தான் அதை அமுக்க வேண்டும் என்றான் சூசைராஜ். பானட்டுக்குள் தலையை விடுவதற்கு முன், மூக்கையாவை உள்ளே உட்காரச் சொன்னான். இரைச்சல் எப்போது நிற்கிறது என்று சொன்னால் போதுமாம்.

கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்த மாயம்மாள் கையை நிறுத்தி நிமிர்ந்தாள். மூக்கையா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கதவு ஜன்னல் வழியாக அவளையே பார்த்தான். அவள் தலையசைக்காமல் இருந்தாள். கிர்ரென்ற சத்தம் கூடியது, குறைந்தது, மறுபடியும் கூடியது. கடைசியில் சட்டென்று அறுந்து பாட்டு மட்டும் தெளிவாக வந்தபோது, அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மூக்கையா கையைத் தூக்கி, சரியாகிவிட்டது என்றான்.

சூசைராஜ் பானட்டிலிருந்து தலையை எடுத்தான். மூக்கையாவைப் பார்த்தான். அவன் பார்வை போன திசையில் கிணற்றடியையும் பார்த்தான். "சத்தம் நின்னு செத்த நேரமாச்சுண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்புளியைத் துடைக்க ஆரம்பித்தான்.

தப்பித்தோம் என்று மாயம்மாள் மூச்சு விட்டாள். ஆனால் அந்த மூச்சு முழுசாக வெளியே வரவில்லை. சைதூனம்மாவை மருமகன் கூட்டி வந்து பின்சீட்டில் உட்கார வைத்தான். மாமிக்குக் கார் பயம் தெளிய வேண்டும், அதற்காகத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து இதைச் சுமந்து வந்தேன் என்றான். ஏதோ ஒரு பாட்டு. அம்மா முதலில் துப்பட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மெல்லத் தலையைச் சாய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தெருவில் போன ஜட்கா வண்டிக்காரன் கட்டையால் சக்கரத்தில் தட்டிக்கொண்டே போனான். பின்னாலிருந்து ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. அம்மா அசையவே இல்லை.

மாயம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். அம்மாவின் பயம்தான் அவள் புருஷனுக்குக் காது. அந்தக் காதைத்தான் இப்போது செவிடாக்கிவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தாஹிராவை மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். ஏழாம் மாதம். அதற்கு முன்னால் ரேடியோவை ஓட விட்டுப் பார்க்க, அன்று சாயங்காலம் செம்பட்டி வரை ஒரு நடை போய் வரலாம் என்று கிளம்பினார்கள். மாயம்மாள் புருஷனைக் கார்க் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். கையைக் காட்டி, வயிற்றைக் காட்டி, கண்ணை மூடிக் காட்டி, சைகையிலேயே கெஞ்சினாள். வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளச் சொன்னாள்.

அவனுக்குப் புரிந்தது. முகம் கறுத்தது. "இன்னைக்குப் படுக்கலாம். நாளைக்கு?" என்றான். செவிடர்களுக்கு வருகிற அந்தத் தட்டையான குரலில் சொன்னான். "அம்மாவுக்கு இருபது வருசப் பயம் புள்ள. ஒரு பாட்டுலயா போயிரும்?"

தாஹிரா துணைக்குக் கூப்பிட்டதால் மாயம்மாளும் ஏறினாள். கூப்பிடாவிட்டாலும் ஏறியிருப்பாள். பின்சீட்டில் இடது பக்கம் தாஹிரா, நடுவில் சைதூனம்மா, மூக்கையாவுக்கு நேர் பின்னால் இவள். முன்னால் மருமகன் நடுவில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டு வந்தான். கிதர் முகம்மது ஓரத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தொடையில் தாளம் போட்டார்.

ஊரைத் தாண்டியதும் கடலைக் காடுகள் வந்தன. மேற்கே மலைகள் வெயிலில் நீலமாகக் கிடந்தன. மாயம்மாள் எதையும் பார்க்கவில்லை. சைதூனம்மாவின் முகத்தைப் பார்த்தாள், சின்னக் கண்ணாடியில் தெரிந்த புருஷனின் கண்களைப் பார்த்தாள். அந்தக் கண்கள் அம்மாவின் முகத்துக்கு வந்து வந்து போயின. அங்கே ஒன்றும் இல்லை. கண்ணை மூடி, உதடு விரிந்து, தாலாட்டில் கிடக்கிற பிள்ளையைப் போல அம்மா பாட்டுக்குள் போயிருந்தாள். எதிரே வந்த பழனி பஸ் கிட்டத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அதற்கும் திரும்பவில்லை. மூக்கையாவின் பிடரியில் வேர்வை வழிவதை மாயம்மாள் கண்டாள். அவனும் பயந்துவிட்டான். பயந்தும் நிறுத்த வழியில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

முன்னால் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு போனது. அதே நேரத்தில் பின்னாலிருந்து லாரி ஹாரன் கேட்டது. பாட்டுக்கு அடியில், தூரத்தில். பிறகு கிட்டத்தில். விடாமல் அடித்தான். முன்னால் இருந்த ஆண்களுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா என்று அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள்.

மூக்கையா சின்னக் கண்ணாடியைப் பார்த்தான். அம்மா சிரித்தபடி இருந்தாள். அவன் மாட்டு வண்டியைத் தாண்ட வலது பக்கம் ஒடித்தான்.

மாயம்மாள் எழுந்து இரண்டு கைகளாலும் அவன் வலது தோளில் ஓங்கி அறைந்தாள்.

அவன் என்ன ஏது என்று பார்க்கவில்லை. அந்த அடி விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வண்டியைத் திருப்பிப் பிரேக்கில் ஏறி மிதித்தான். இடது சக்கரங்கள் மண்ணில் இறங்கிப் புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் கார் குலுங்கி நின்றது. லாரி உரசிக்கொண்டு போயிற்று. போகிற போக்கில் அதன் பக்கப் பலகை மட்கார்டிலிருந்த ஏரியலைப் பிடுங்கி எறிந்தது. பாட்டு நின்றது. ரேடியோ வெறுமனே இரைந்துகொண்டிருந்தது.

தாஹிரா இரண்டு கைகளாலும் வயிற்றை அணைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சைதூனம்மா அவள் தலையைத் தடவினாள். சனாவுல்லா ரேடியோவை அணைத்தான்.

கிதர் முகம்மது இறங்கி மூக்கையாவின் பக்கம் வந்தார். சனாவுல்லாவும் பின்னாலேயே இறங்கினான். லாரிக்காரன் அவ்வளவு நேரம் ஹாரன் அடித்தானே, தூங்கினாயா என்று கேட்டார். மூக்கையா அவர் உதடுகளையே பார்த்தான். கோபத்தில் பேசிய உதடுகள் அவனுக்குப் பிடிபடவில்லை. தலையாட்டினான்.

அவர் கீழே இறங்கி நின்ற மாயம்மாளிடம் திரும்பினார். "நீ எதுக்கும்மா அந்த அடி அடிச்ச? வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அவுகளுக்குக் கேக்காது, மொதலாளி."

சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. பேச்சுவாக்கில் சொன்னதாக மழுப்ப இன்னும் நேரம் இருந்தது. தாஹிராவின் கைகள் வயிற்றை விட்டு இறங்கவில்லை. மாயம்மாள் மழுப்பவில்லை. காய்ச்சல் வந்ததிலிருந்து ரெண்டு காதும் கேட்காது என்றாள்.

"அப்ப இத்தனை நாளும் எப்படி ஓட்டுனான்?"

"அம்மா மொகத்தப் பாத்து" என்றாள். "ஆரன் கேட்டா அம்மா பயந்து திரும்புவாக. அதப் பாத்து இவுக ஒதுங்குவாக. வேற ஒரு நெனப்பும் இல்ல, மொதலாளி. எம் புள்ளைக மேல சத்தியம்."

கிதர் முகம்மதுவின் முகத்தில் ரத்தம் ஏறுவதை அவள் பார்த்தாள். அவர் கை கார்க் கதவின் பிடியை இறுக்கியது. சனாவுல்லா மாமனாரின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் மட்கார்டு ஓட்டையைப் பார்த்தான்.

பச்சைத் திரைக்கு உள்ளிருந்து சைதூனம்மாவின் குரல் வந்தது. "பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளின்னு வீடே சிரிச்சீங்க. நான் பயந்ததுக்கு மரியாத குடுத்தது அவன் ஒருத்தன்தான் போலருக்கு." பிறகு குரல் மாறியது. "ஆனா மாயி, எம் மக வயித்தோட ஏறி உக்காந்தாளே. அப்பவாச்சும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

அடிப்பார்கள், துரத்துவார்கள் என்றெல்லாம் மாயம்மாள் பயந்திருந்தாள். இந்தக் கேள்வி வரும் என்று அவள் பயந்ததே இல்லை. இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது. காரின் படியில் தலை வைத்து அழுதாள்.

கிதர் முகம்மதுவின் பிடி தளர்ந்தது. மூக்கையாவின் முன்னால் கையை நீட்டினார். அது புரிவதற்குக் காது வேண்டியிருக்கவில்லை. மூக்கையா சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றி அவர் உள்ளங்கையில் வைத்தான்.

சனாவுல்லா ஓட்டுவதற்கு ஏறினான். இவர்கள் இரண்டு பேரும் அடுத்த பஸ்ஸில் வரட்டும் என்றார் கிதர் முகம்மது. காரில் ஏறிக் கதவைச் சாத்தியவர், கண்ணாடி வழியாக மாயம்மாளைக் கூப்பிட்டார். "காலைல அவனக் கிடங்குக்கு வரச் சொல்லு. தோல் தரம் பிரிக்க லாயக்கான்னு பாக்குறேன். லாயக்கில்லன்னா அப்புறம் என்னக் கேக்கக் கூடாது." மூக்கையாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கார் மண்ணிலிருந்து ஏறி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. புளியமரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள். வைக்கோல் வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். களை எடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் என்ன நடந்தது என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

மூக்கையா அவள் கையைத் தொட்டான். "என்ன சொன்னாரு?"

மாயம்மாள் சைகை காட்டக் கையைத் தூக்கினாள். காய்ச்சலுக்குப் பிறகு நாலு பேர் இருக்கிற இடத்தில் அவனிடம் அவள் வாய் திறந்து பேசியதே இல்லை. தூக்கிய கையைக் கீழே போட்டாள். அவன் தோளைப் பிடித்துக் குனிய வைத்து, வலது காதில் வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். காலையில் கிடங்குக்குப் போக வேண்டுமாம். தோல் தரம் பிரிக்க வேண்டுமாம். தெரியுமா, தெரியாதா?

"மெதுவா புள்ள. ஆளுக பாக்குறாங்க."

"பாக்கட்டும்!" என்றாள் இன்னும் உரக்க. "தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்றான். பழகிக்கொள்ளலாம் என்று அவன் காதில் மறுபடியும் கத்தினாள். தொண்டை கட்டிக்கொள்ளும் வரை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தூரத்தில் பஸ் வருவது தெரிந்ததும் அவனைக் கையைப் பிடித்துச் சாலையோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.